குற்றவாளி அம்மாவும் குண்டு எலியும்

இரண்டு சுண்டெலிகள். விலாப்பக்கத் தோலைக் கீறி ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி. தையல் ஆறும்போது மெல்லிய ரத்தக் குழாய்கள் இரண்டுக்கும் நடுவே வளர்கின்றன. ஒன்றின் ரத்தம் மெதுவாக இன்னொன்றுக்குள் போய்வர ஆரம்பிக்கிறது. ஓர் எலி மிக மிகக் குண்டு, மற்றது சாதாரண எலி. கூண்டில் தீனிக்குக் குறைவில்லை. குண்டு எலி எப்போதும்போல் தின்றுகொண்டே இருக்கிறது. சாதாரண எலி தின்பதை நிறுத்திவிடுகிறது. சில வாரங்களில் அது பட்டினியால் செத்துப்போகிறது. அறுத்துப் பார்த்தால் வயிறு காலி.

தீனி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை. பிறகு ஏன் சாப்பிடவில்லை?

வணக்கம். இந்த எபிசோடு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகப் போகுது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், 1960-களின் கடைசியில் நடந்த பரிசோதனை அது. கேட்க நல்லா இல்லைதான், தெரியும். ஆனால் ஒருத்தர் குண்டாக இருப்பது யாருடைய குற்றம் என்கிற பழைய வழக்கில், அந்தச் செத்த எலிதான் முதல் உருப்படியான சாட்சி. அதனால் பொறுத்துக்கோங்க.

வழக்கு என்னன்னு முதல்ல சொல்லிடறேன். நம்ம வீடுகளில் ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. கைக்குழந்தை கொழுகொழுன்னு இருந்தால் அம்மாவுக்குப் பாராட்டு, "நல்லா வளர்த்திருக்கா." அதே பிள்ளை பத்து வயசில் குண்டாக இருந்தால் அதே அம்மாவுக்குத் திட்டு, "கண்டதையும் குடுத்துக் கெடுத்துட்டா." இது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. மருத்துவ உலகமே இதை ஒரு காலத்தில் கோட்பாடாக எழுதி வைத்திருந்தது.

ஹில்டே ப்ரூக் என்று ஒரு மருத்துவர். ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, 1934-ல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே குண்டான குழந்தைகளைப் பார்த்துச் சிகிச்சை கொடுத்தார். அந்தக் காலத்து டாக்டர்கள் இதெல்லாம் சுரப்பிக் கோளாறு என்று நம்பினார்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லி, பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ப்ரூக் அந்தக் குழந்தைகளை ஒழுங்காக அளந்து பார்த்தார். வயதுக்கேற்ற உயரம் இருந்தது, சிலர் சராசரியை விட உயரம். பருவமடைவதிலும் தாமதம் இல்லை. சுரப்பி கெட்டிருந்தால் இப்படி வளர முடியாது. தேவையில்லாத ஊசிகளை எதிர்த்த அளவில் அவர் செய்தது நல்ல வேலை, அதை மறுக்க முடியாது.

சுரப்பி இல்லை என்றால் வேறு என்ன? ப்ரூக் குடும்பங்களைப் பார்க்க ஆரம்பித்தார். பெரும்பாலும் வறுமையிலிருந்து பிழைக்க வந்த புலம்பெயர்ந்த குடும்பங்கள். 1940-ல் அவர் எழுதிய கட்டுரை அம்மாக்களை நோக்கி விரலை நீட்டியது. பிள்ளை மேல் உண்மையான பாசம் காட்ட முடியாத அம்மா, அதற்குப் பதிலாகச் சாப்பாட்டைத் திணிக்கிறாள். பிள்ளையும் அன்புக்குப் பதில் அதையே எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய இதுதான் வாதம். அடுத்த முப்பது, நாற்பது வருஷத்துக்குக் குழந்தைகளின் உடல் எடை பற்றிய பேச்சில் இந்த அம்மா உட்கார்ந்துவிட்டாள். பெரியவர்களுக்கு வேறொரு தீர்ப்பு இருந்தது: வாயைக் கட்ட முடியாதவர்கள், மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள்.

இப்போ மெய்னுக்குப் போவோம். அட்லாண்டிக் கரையில் பார் ஹார்பர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜாக்சன் ஆய்வகம் 1929-ல் தொடங்கப்பட்டது. எலிகளை வைத்து மரபியலைப் படிப்பதுதான் அதன் வேலை. 1947 அக்டோபரில் பெரிய காட்டுத் தீ வந்து ஆய்வகத்தை எரித்துவிட்டது, பல்லாயிரக்கணக்கான எலிகளும் போய்விட்டன. ஆனால் முன்னால் உலகம் முழுக்க ஆய்வாளர்களுக்கு இவர்கள் எலிகளைக் கொடுத்திருந்தார்கள் இல்லையா? அந்த வம்சங்களின் எலிகளை அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அப்படித்தான் ஆய்வகம் மறுபடி எழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1949 கோடையில், அங்கே பிறந்த ஓர் எலிக் கூட்டத்தில் சில குட்டிகள் நிற்காமல் தின்று பருத்துக்கொண்டே போயின. சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு எடை. ஆய்வகத்தினர் அந்த எலிகளின் பெற்றோரை வைத்து இனப்பெருக்கம் செய்து பார்த்தபோது கணக்கு மெண்டல் சொன்ன விகிதத்தில் வந்தது. ஒரே ஒரு மரபணு. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் அதன் பழுதான பிரதி வந்தால் குட்டி குண்டாகிறது, ஒரு பிரதி மட்டும் பழுதானால் ஒன்றும் ஆவதில்லை. 1950-ல் இன்கல்ஸ், டிக்கி, ஸ்னெல் என்ற மூன்று பேர் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த எலிக்கு "ஒபீஸ்" என்றே பேர் வைத்தார்கள். அலட்டிக்கொள்ளாத பேர்.

1965-ல் அதே ஆய்வகத்தில் இன்னொரு குண்டு எலி கிடைத்தது. இதுவும் நிற்காமல் தின்றது, கூடவே கடுமையான சர்க்கரை நோயும் இருந்தது. பழுது வேறொரு மரபணுவில். இதன் பேர் "டயாபடீஸ்" எலி. இந்த இரண்டு பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க: ஒபீஸ் எலி, டயாபடீஸ் எலி.

இந்த இரண்டாவது எலியைக் கையில் எடுத்தவர் டக்ளஸ் கோல்மன். கனடாக்காரர், உயிர்வேதியியல் படித்தவர். ஓரிரு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று 1958-ல் பார் ஹார்பர் வந்தவர், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டார். டயாபடீஸ் எலியின் ரத்தத்தில் ஏதாவது சுற்றுகிறதா என்று பார்க்க, அதையும் ஒரு சாதாரண எலியையும் ஒன்றாகத் தைத்தார். அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பரிசோதனை. செத்தது குண்டு எலி இல்லை, சாதாரண எலி.

அப்போ கோல்மன் போட்ட கணக்கு இதுதான். குண்டு எலியின் ரத்தத்தில் "போதும், நிறுத்து" என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் அளவுக்கு மீறி இருக்கிறது. குண்டு எலிக்கு அது சொல்வது கேட்கவில்லை. பக்கத்து எலிக்கு நன்றாகவே கேட்கிறது, கேட்டுச் சாகிறது.

அடுத்தது இயல்பான கேள்வி: ஒபீஸ் எலி? அதையும் டயாபடீஸ் எலியையும் சேர்த்துத் தைத்தால் என்ன ஆகும்? இங்கே ஒரு சிக்கல். இரண்டும் வேறு வேறு வம்சத்து எலிகள். வேறு வம்சத்துத் தோலை உடம்பு ஏற்றுக்கொள்ளாது, நிராகரித்துவிடும். (அந்த நிராகரிப்புக்குக் காரணமான மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜார்ஜ் ஸ்னெல்லுக்கு 1980-ல் நோபல் கிடைத்தது. ஆமா, ஒபீஸ் எலிக் கட்டுரை எழுதிய அதே ஸ்னெல்தான்.) ஆகவே இரண்டு பழுதுகளையும் ஒரே வம்சத்துக்குள் கொண்டுவர, தலைமுறை தலைமுறையாக எலிகளை இணைசேர்க்க வேண்டியிருந்தது. சில வருஷ வேலை.

1973-ல் முடிவு வந்தது. டயாபடீஸ் எலியோடு தைத்தபோது ஒபீஸ் எலி சாப்பிடுவதை நிறுத்திச் செத்தது. சாதாரண எலியோடு தைத்தபோது ஒபீஸ் எலி அளவாகச் சாப்பிட்டு இளைத்தது, சாதாரண எலிக்கு எதுவும் ஆகவில்லை. ஒபீஸ் எலிக்குக் காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் அதனிடம் "போதும்" என்ற குரல் இல்லை. டயாபடீஸ் எலியிடம் குரல் நிறைய இருக்கிறது, காது இல்லை. அந்தப் பொருள் என்ன, எங்கிருந்து வருகிறது என்று கோல்மனால் பிரித்தெடுக்க முடியவில்லை. ஆனால் பசி என்பது ரத்தத்தில் ஓடும் ஒரு செய்தி, அதை ஒரு மரபணு எழுதுகிறது என்பதை வெறும் தையல் ஊசியை வைத்து அவர் காட்டிவிட்டார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். கோடிக்கணக்கில் கருவிகள் இல்லை, தர்க்கம் மட்டும்.

நம்பினார்களா? பெரும்பாலோர் இல்லை. அதிகம் சாப்பிடுவது ஒரு நடத்தை, நடத்தையில் ஜீனுக்கு என்ன வேலை என்பதுதான் அன்றைய பொதுக் கருத்து.

அந்தக் கருத்தில் விரிசல் விழுந்தது மனிதர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வால். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு முறையான பதிவேடு உண்டு. பெற்றவர்கள் யார், வளர்த்தவர்கள் யார் என்று இரண்டும் தெரியும். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் டேனிஷ் ஆய்வாளர்களும் அப்படி வளர்ந்து பெரியவர்களான 540 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒல்லியிலிருந்து மிகக் குண்டு வரை நான்கு வகை. கேள்வி எளிமையானது: இவர்களுடைய எடை யாரோடு ஒத்துப்போகிறது? 1986-ல் வந்த பதில், பெற்றவர்களோடு. சோறு போட்டு வளர்த்தவர்களின் எடையோடு எந்தத் தொடர்பும் தெரியவில்லை.

கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. பாசத்துக்குப் பதிலாகச் சாப்பாடு திணித்த அம்மாதான் காரணம் என்றால், வளர்த்த அம்மாவோடு அல்லவா ஒத்துப்போயிருக்க வேண்டும்? 1990-ல் சின்ன வயதிலேயே பிரிந்து தனித்தனியாக வளர்ந்த 93 ஜோடி ஒரே கரு இரட்டையரைப் பார்த்தார்கள். தனித்தனி வீடு, தனித்தனி சமையல், ஆனாலும் எடை ஒத்துப்போனது. அந்தக் கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் இருந்த எடை வித்தியாசத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் மரபணுக்களால் வருகிறது என்று கணக்கிட்டார்கள்.

இந்த 70-ஐத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். என் எடை 80 கிலோ, அதில் 56 கிலோ ஜீன் கொடுத்தது என்று அர்த்தம் இல்லை. ஒரே மாதிரிச் சூழலில் வாழும் ஒரு கூட்டத்தில், ஏன் இவர் குண்டு, அவர் ஒல்லி என்ற வித்தியாசத்துக்கான விளக்கம் மட்டும்தான் அது. பஞ்சத்தில் யாரும் குண்டாவதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் பிரியாணி வீடு தேடி வரும் நகரத்தில் எல்லோருடைய எடையும் கூடும், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் கூடாது. அந்த ஏற்றத்தாழ்வில்தான் மரபணு வேலை செய்கிறது.

சரி, கோல்மனின் அந்தப் பொருளுக்கு வருவோம். நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் 1986-ல் அதைத் தேடக் கிளம்பினார். ஒபீஸ் எலியின் டி.என்.ஏ.வில் பழுது எங்கே இருக்கிறது என்று துண்டு துண்டாக நெருங்குவதுதான் வழி. மனித ஜீனோமும் எலி ஜீனோமும் முழுதாகப் படிக்கப்படாத காலம். விலாசம் இல்லாமல் ஒரு ஊரில் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு போவது போல. எட்டு வருஷம் ஆனது. 1994 மே 8, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருட்டறையில் ஒரு எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவிப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. கொழுப்புத் திசுவில் மட்டும் எழுதப்படும் ஒரு மரபணு, ஒபீஸ் எலியில் அது கெட்டிருந்தது. அந்த வருஷம் டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. அந்த மரபணு உருவாக்கும் ஹார்மோனுக்கு லெப்டின் என்று பேர் வைத்தார்கள். கிரேக்கத்தில் லெப்டோஸ் என்றால் ஒல்லி.

இதில் அதிர்ச்சி என்ன தெரியுமா? கொழுப்பை எல்லோரும் சும்மா கிடக்கும் மூட்டை என்று நினைத்திருந்தார்கள். அது ஒரு சுரப்பியாக மாறிவிட்டது. உடம்பில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருஷமே ஒபீஸ் எலிக்கு லெப்டின் ஊசி போட்டார்கள், எலி இளைத்தது. டயாபடீஸ் எலியில் கெட்டிருப்பது லெப்டினைப் பிடிக்கும் ஏற்பி என்பதும் அடுத்தடுத்துத் தெரிந்தது. கோல்மன் சொன்ன குரலும் காதும் இருபது வருஷம் கழித்து எழுத்துக்கு எழுத்து சரியாகிவிட்டன.

பணமும் வந்தது. ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் உரிமத்துக்காக 2 கோடி டாலர் முன்பணம் கொடுத்தது. உலகத்துக்கே ஒல்லி ஊசி வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுதின.

வரவில்லை. குண்டான மனிதர்களின் ரத்தத்தில் லெப்டினை அளந்தார்கள், குறைவாக இல்லை, நிறையவே இருந்தது. பெரும்பாலோர் ஒபீஸ் எலி மாதிரி இல்லை, டயாபடீஸ் எலிக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தார்கள். குரல் இருக்கிறது, காது மந்தம். ஊசி போட்டுப் பார்த்த சோதனைகளில் சிலருக்கு இளைத்தது, பலருக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெதுவாக இன்னொன்று விளங்கியது. லெப்டினுடைய முக்கியமான வேலை குண்டாவதைத் தடுப்பது இல்லை, பட்டினியை அறிவிப்பது. நீங்கள் டயட் இருந்து ஐந்து கிலோ குறைத்தால் கொழுப்பு குறைகிறது, லெப்டினும் விழுகிறது. மூளைக்கு அது பஞ்சச் செய்தி. பசியைக் கூட்டுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது. ஜனவரியில் குறைத்த எடை ஆகஸ்டில் திரும்பி வருவதற்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது.

இந்த ஏமாற்றத்துக்கு நடுவில்தான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவுக்காரப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் சொந்தத்துக்குள் கல்யாணம் பல தலைமுறை வழக்கம். நமக்கு இது புதுசில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டும்போது ஒரே தாத்தா பாட்டியின் பழுதான பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. எலி வம்சத்தில் பார்த்த அதே கணக்கு.

பெண்ணுக்கு 8 வயது, எடை 86 கிலோ. பையனுக்கு 2 வயது, 29 கிலோ. இரண்டுமே பிறக்கும்போது சாதாரண எடைதான். பிறந்த சில மாதங்களிலேயே தீராத பசி. அந்தப் பெண் சரியாக நடக்கவே முடியாத நிலை. ஸ்டீஃபன் ஓ'ராஹிலியும் அவரோடு வேலை செய்த இளம் டாக்டர் சதாஃப் ஃபரூக்கியும் ரத்தத்தில் லெப்டினைத் தேடினார்கள். இவ்வளவு கொழுப்பு இருக்கும் உடம்பில் அது ஏகத்துக்கு இருக்க வேண்டும். ஏறக்குறைய இல்லவே இல்லை. லெப்டின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. 1997-ல் இதை வெளியிட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு 9 வயதில், 94.4 கிலோ எடையில், லெப்டின் ஊசி தொடங்கினார்கள். ஒரு வருஷத்தில் 16.4 கிலோ குறைந்தது, அதில் கிட்டத்தட்ட எல்லாமே கொழுப்பு. இன்னொரு குழந்தையின் படம் மருத்துவப் புத்தகங்களில் இன்று பிரபலம்: 3 வயதில் 42 கிலோ, ஊசி தொடங்கி 7 வயதில் 32 கிலோ. யாரும் அந்தக் குழந்தைகளுக்கு மனக்கட்டுப்பாடு கற்றுக்கொடுக்கவில்லை. அம்மாக்களும் மாறவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு "போதும்" என்று எழுந்து போகும் பிள்ளைகளாக அவர்கள் மாறினார்கள்.

இப்படி லெப்டினே இல்லாதவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. ஆனால் கேம்பிரிட்ஜ் குழு இதோடு நிற்கவில்லை. சின்ன வயதிலேயே மிக அதிகமாகக் குண்டான குழந்தைகளை ஆயிரக்கணக்கில் பதிவு செய்து மரபணுக்களைப் பார்த்தது. 16-வது குரோமோசோமில் ஒரு சிறு பகுதியே காணாமல் போன சில பிள்ளைகள் கிடைத்தார்கள். 2009 டிசம்பரில் அந்த ஆய்வு வந்தபோது கூடவே ஒரு செய்தியும் வந்தது. அந்தப் பிள்ளைகளில் சிலருடைய பேர், பெற்றோரால் ஆபத்தில் இருக்கும் குழந்தைகள் என்ற சமூக நலத் துறையின் பட்டியலில் இருந்தது. பெற்றவர்கள் வேண்டுமென்றே திணித்துத் திணித்துக் கொடுக்கிறார்கள் என்று அதிகாரிகள் நம்பினார்கள். அடுத்த கட்டம் பிள்ளையையே வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவது. மரபணு முடிவு வந்த பிறகு அந்தப் பேர்கள் நீக்கப்பட்டன.

1940-ல் நியூயார்க்கில் எழுதிய குற்றப்பத்திரிகை, 2009-ல் இங்கிலாந்தில் உயிரோடு இருந்தது. அறுபத்தொன்பது வருஷம்.

இப்போ உங்களில் யாராவது கேட்கலாம்: குற்றம் யாருடையதாக இருந்தாலும் குண்டாக இருந்தால் நோய் வரும் இல்லையா? சர்க்கரை, இதயம், கல்லீரல்? வரும், வாய்ப்பு நிச்சயமாகக் கூடுகிறது. ஆனால் எடையிலிருந்து நோய்க்கு நேர் ரோடு போடவில்லை. இதையும் முதலில் காட்டியது கோல்மனின் எலிகள்தான்.

இரண்டு பழுதுகளையும் ஒரே வம்சத்துக்குள் கொண்டுவந்தார் என்று சொன்னேன் இல்லையா? அந்த வேலையில் தற்செயலாக ஒன்று தெரிந்தது. ஒபீஸ் மரபணு ஒரு வம்சத்தில் இருந்தால் எலி குண்டாகிறது, சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கிச் சமாளித்துக்கொள்கிறது. அதே மரபணுவை இன்னொரு வம்சத்துக்குள் வைத்தால் எலி குண்டாகி, கடுமையான சர்க்கரை நோய் வந்து சீக்கிரம் செத்துப்போகிறது. முதல் வம்சத்தின் கணையம் இன்சுலின் செல்களைப் பெருக்கிக்கொண்டு ஈடுகொடுக்கிறது. இரண்டாவதில் அந்தச் செல்கள் களைத்து அழிகின்றன. பசியைக் கூட்டும் மரபணு ஒன்றே, நோய் வருமா வராதா என்று தீர்மானிப்பது வேறு மரபணுக்கள்.

இதை மனிதர்களில் இன்னும் தெளிவாகக் காட்டியது ஒரு தலைகீழ் நோய். லிப்போடிஸ்ட்ரோபி என்று பேர். இவர்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பே கிடையாது. பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு. பார்த்தால் ஜிம்முக்குப் போய் வந்தவர்கள் மாதிரி நரம்பும் தசையும் தெரியும். ஒரு கிராம் கூட வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது கனவு உடம்பாகத் தோன்றலாம். ஆனால் இவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோய், கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறி நிற்கும். லெப்டின் இல்லாததால் அடங்காத பசி வேறு.

வீட்டு லாஃப்டை நினைச்சுக்கோங்க. இடம் இருக்கும்வரை சாமான் மேலே கிடக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை. லாஃப்ட் சின்னது என்றால் அதே சாமான் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் வந்துவிடும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு லாஃப்டில் இருக்கும் சாமான். கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் சேர்வதுதான் வழியை அடைக்கிறது. லாஃப்ட் எவ்வளவு பெரியது என்பதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு.

லிப்போடிஸ்ட்ரோபி உள்ளவர்களுக்கு லெப்டின் கொடுத்தபோது பசி அடங்கியது, சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் இறங்கின. 2014 பிப்ரவரியில் அமெரிக்கா அதை மருந்தாக அங்கீகரித்தது. குண்டு எலியிலிருந்து பிறந்த ஹார்மோன், கடைசியில் கொழுப்பே இல்லாதவர்களின் மருந்தாக வந்தது. கோல்மன் அந்த ஏப்ரலில் காலமானார். (இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் லெப்டின் இல்லை, குடலிலிருந்து வரும் வேறு ஹார்மோன்களைப் பின்பற்றுபவை. ஆனால் பசியை ஊசியால் அடக்க முடியும் என்று நம்பிப் பணம் போட ஒரு துறையே உருவானதில் இந்த எலிக்குப் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.)

இந்த லாஃப்ட் விஷயம் நம்ம பக்கம் வரும்போதுதான் கவலையாக மாறுகிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த தன் நண்பர் ஜான் யுட்கினோடு நின்று எடுத்த ஒரு படத்தை 2004-ல் 'லான்செட்' வெளியிட்டது. இரண்டு பேரும் ஒல்லி. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3, புள்ளி மாறாமல் ஒன்றே. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2.

2007-ல் ஐரோப்பியர்களிடம் சர்க்கரை நோய்க்கான மரபணுவைத் தேடப்போய் எஃப்.டி.ஓ. என்ற மரபணு கிடைத்தது. அதன் ஒரு வடிவத்தை இரண்டு பிரதியும் வைத்திருப்பவர்கள் சராசரியாக 3 கிலோ அதிக எடை. எடையைக் கணக்கில் எடுத்துக் கழித்தவுடன் சர்க்கரை நோயோடு அதற்கிருந்த தொடர்பு மறைந்துவிட்டது. அதாவது மரபணு எடையைக் கூட்டுகிறது, எடை நோயைக் கொண்டுவருகிறது. சுத்தமான கணக்கு. யாஜ்னிக்கும் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் ஆய்வாளர்களும் 2009-ல் அதையே இந்தியர்களிடம் பார்த்தார்கள். எடையைக் கழித்த பிறகும் தொடர்பு முழுசாகப் போகவில்லை. நம்மிடம் அந்த மரபணு தராசில் தெரியாத ஏதோ ஒரு வழியிலும் வேலை செய்கிறது. டாக்டர்கள் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 25-க்குக் கீழேயே, 23-லிருந்தே, கவனம் சொல்வது இதனால்தான்.

எல்லாம் மரபணுதானா என்றால், யாஜ்னிக் அப்படிச் சொல்லவில்லை. 1993-ல் புனே அருகே ஆறு கிராமங்களில் அவர் குழு கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியது. பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் புனேக் குழந்தைகளிடம் குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும்தான், தோலுக்கடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே ஒல்லியான உடம்பில் கொழுப்பு. இதில் வயலில் வேலை செய்த, வைட்டமின் பி12 குறைவாக இருந்த அம்மாக்களின் உடல்நிலைக்கும் பங்கு இருக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள்.

பாருங்க, அம்மா திரும்ப வந்துட்டா. ஆனால் இந்த முறை அவளிடம் கேட்கும் கேள்வி வேறு. பிள்ளைக்கு எவ்வளவு ஊட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை, உனக்கு யார் என்ன போட்டார்கள் என்று கேட்கிறார்கள்.

அன்று பிறந்த 700-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அந்தக் குழு இன்னும் விடவில்லை. 2012-லிருந்து, பதின்பருவம் முடியும் தறுவாயில் இருந்த அவர்களில் பலருக்கு, கர்ப்பத்துக்கு முன்பே பி12 மாத்திரை கொடுக்கும் ஒரு சோதனையைத் தொடங்கியது. அந்தப் பெண்களில் பலர் இப்போது அம்மாக்கள். பிறக்கும் குழந்தையைத் தராசில் வைத்துவிட்டு, முதுகுத் தோலின் மடிப்பையும் அளந்து எழுதிக்கொள்கிறார்கள்.